செய்வதும் செய்வித்துக் கொள்வதும்

சேலம், நாமக்கல் சமவெளியில் லாரித் தொழில் செய்தவர்கள் நெடுங்காலமாக முழு லாரியை வாங்கியதில்லை. எஞ்சினும் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் கூடிய சேஸிஸை மட்டுமே ஆலையிலிருந்து வாங்கி வருவார்கள். அதன்மேல் ஓட்டுநர் அறையும் சுமை ஏற்றும் தொட்டியும் அமைப்பது நாமக்கல் பட்டறைகளின் வேலை. அதற்குப் 'பாடி கட்டுதல்' என்று பெயர். பலகை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும், தொட்டி எத்தனை அடி உயரம் வேண்டும், முகப்பில் என்ன எழுத வேண்டும் என்பவையெல்லாம் வாங்குகிறவரின் விருப்பம். திருச்செங்கோட்டார் அதே சேஸிஸின்மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தை ஏற்றி, 'ரிக்' வண்டியாக்கி, வடமாநிலங்கள் வரை அனுப்பினார்கள்.

இவ்வூர்களுக்கு வடக்கே உள்ள எடப்பாடியில் தறி போட்ட கதையும் இதுவேதான். சட்டத்தைத் தச்சர் செய்வார். அச்சும் விழுதும் நாடாவும் வெவ்வேறு கைகளிலிருந்து வரும். அவற்றைக் கூட்டித் தறியாக்கி, பாவை ஏற்றி, முதல் ஊடையை ஓட்டிப் பார்ப்பது நெசவாளரின் பொறுப்பு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டு, அங்கே பிறந்த மின்சாரம் இவ்வட்டாரத்துக்குப் பரவி, விசைத்தறிகள் பெருகிய காலத்தில் தச்சரின் இடத்துக்கு ஃபிட்டர் வந்தார். ஆயினும் தறி என்பது பல இடங்களில் விலைக்கு வாங்கி ஓரிடத்தில் கூட்டப்படும் பொருள் என்னும் நிலை மாறவில்லை.

ஆகவே, நெசவு டிசைன் வரைவதற்குக் கணிப்பொறி வாங்க எண்ணும் எடப்பாடி இளைஞர் ஒருவர், 'உறுப்புகளை வாங்கி நானே பொருத்திக் கொள்ளட்டுமா? கடைக்காரருக்குக் கூலி கொடுத்துப் பொருத்தி வாங்கட்டுமா?' என்று கேட்டால், அந்த மண்ணுக்கு அது புதிய கேள்வி அன்று. உண்மையில் உலகத்துக்கே அது புதிய கேள்வி அன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கூஃபா நகரத்துக் கடைவீதியில் இக்கேள்வி அலசப்பட்டிருக்கிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏட்டறிவு மட்டும் உடையவர்களல்லர். கூஃபாவில் பட்டுத் துணி வணிகம் செய்தவர்கள். பொருள் கைமாறும் இடங்களில் எங்கெங்கே வழக்கு முளைக்கும் என்பதை அறிந்தவர்கள். அவர்கள் வழிவந்த ஹனஃபி சட்ட அறிஞர்கள், ஒரு பொருளைச் செய்வித்துக் கொள்வதில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். தோலை நாம் கொடுத்து, செருப்பைத் தைத்துத் தரும்படி கூறினால் அது 'இஜாரா'. அங்கே நாம் வாங்குவது தொழிலாளியின் உழைப்பை மட்டுமே. தோலும் அவருடையது, உழைப்பும் அவருடையது என்றால் அது 'இஸ்திஸ்னாஃ'. அங்கே நாம் வாங்குவது இன்னும் பிறவாத ஒரு பொருளை. காலணியையும் செம்புப் பாத்திரத்தையும் எடுத்துக்காட்டாக வைத்து, ஹனஃபி மத்ரஸாக்களில் பாடநூலாக விளங்கும் 'ஹிதாயா' இதனைப் பேசுகிறது.

இல்லாத பொருளை விற்பது பொதுவிதிப்படி கூடாது. எனினும் மக்கள் காலங்காலமாக இவ்வாறு செய்வித்து வருவதாலும், அது இன்றியமையாத தேவையாக இருப்பதாலும் ஹனஃபிகள் இதற்கு இடமளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபோ இதனைத் தனி ஒப்பந்தமாக ஏற்கவில்லை. முழு விலையையும் முன்னதாகவே கொடுத்துவிடும் 'ஸலம்' ஒப்பந்தத்தின் விதிகளுக்குள் வந்தால் கூடும் என்றது. ஹனஃபிகளுக்கு உள்ளேயும் ஒரு சுவையான கருத்து வேற்றுமை உண்டு. செய்து முடித்த பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு என்பது இமாம் அவர்களின் நிலை. சொன்ன அளவிலும் தன்மையிலும் பொருள் அமைந்திருந்தால் மறுக்க முடியாது என்பது அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் நிலை. உதுமானியப் பேரரசு 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுத்த 'மஜல்லா' சட்டம் மாணவரின் கருத்தையே ஏற்றது. ஆலைகள் பெருகிய காலத்தில், செய்தவனின் நட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று போலும்!

இந்தப் பாகுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டு கணிப்பொறியின் வரலாற்றைப் பார்ப்போமானால், பலவும் தெளிவாகத் தெரியும்.

இடையில் ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-இல் எந்திரக் கலை பற்றிய தம் நூலை முடித்தார். நீர்க்கடிகாரம், நீரிறைக்கும் பொறி, தானே இயங்கும் பொம்மை என ஐம்பது அமைப்புகள் அதில் உள்ளன. அவருக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் இத்தகைய நூல் எழுதியிருந்தார்கள். அல்ஜஸரீயின் தனிச்சிறப்பு, ஒவ்வோர் உறுப்பையும் எந்த அளவில் செய்வது, எவ்வாறு பொருத்துவது என்று வேறொரு கைவினைஞர் செய்யக்கூடிய வகையில் எழுதி வைத்தமையாகும். டொனால்ட் ஹில் அந்நூலை 1974-இல் ஆங்கிலத்தில் தந்தார். 1976-இல் இலண்டனில் இஸ்லாமிய உலக விழா நடைபெற்றபோது, அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகம் அந்நூலின்படியே ஒரு பெரிய நீர்க்கடிகாரத்தைக் கட்டி ஓடவிட்டது. 770 ஆண்டுகள் கழித்தும் பொருத்திப் பார்க்கக் கூடிய கையேடு அது!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950-களின் நடுவில், எடப்பாடி இளைஞரின் கேள்வியை இந்தியாவின் இரு பெரும் நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் எதிர்கொண்டன. கல்கத்தாவில் மகலனோபிஸ் தலைமையில் இயங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம், விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்குகள் காத்திருந்தன, காலம் இல்லை. இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி 1955-இல் கப்பலேறி வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறி இதுவே. வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அதனைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தி ஓடச் செய்தவர்கள், முன்னதாக இங்கிலாந்து சென்று பயின்று வந்த கழகத்தின் சொந்தப் பொறியாளர்களான மோகி முகர்ஜியும் அமரேஷ் ராயும் ஆவர். 1956-இல் அது இயங்கத் தொடங்கியது. இஜாராவும் இன்றி இஸ்திஸ்னாவும் இன்றி, ஆயத்தப் பொருளாக வாங்கிய ஒன்றைக்கூடத் தம் கையால் அறிந்து கொண்டால்தான் ஆள முடியும் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

பம்பாயில் இருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் மறுவழியில் சென்றது. தானே ஒரு கணிப்பொறியைக் கட்டுவது என்று துணிந்தது. இப்பணிக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையைச் சேர்ந்தவர், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவருடன் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கணிப்பொறியைக் கண்ணால்கூடக் கண்டிராத இளைஞர்கள். நூல்களையும் வெளிநாட்டு அறிக்கைகளையும் படித்தே தொடங்கினார்கள். முதலில் சிறிய மாதிரிப் பொறி ஒன்றைச் செய்தார்கள், 1956-இல் அது ஓடியது. பின்னர் முழுப் பொறியில் கைவைத்தார்கள். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள்! நினைவகம் 2,048 சொற்களைக் கொள்ளும். இன்றைய கைப்பேசி ஒன்றின் ஒற்றைப் புகைப்படத்தைக்கூட அதற்குள் அடைக்க இயலாது. 1960 பிப்ரவரியில் அப்பொறி பணிக்கு வந்தது. 1962-இல் பண்டித நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

கணக்கைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு இது நட்டம். கட்டத் தொடங்கியபோது வெற்றிடக் குழாய்ப் பொறியே உலக வழக்கு. கட்டி முடிப்பதற்குள் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1964-இல், அதே கழகம் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 பொறியை விலைக்குத் தருவித்தது. அவ்வாறாயின் டிஃப்ராக் வீணா? நான் அவ்வாறு எண்ணவில்லை. அதனைக் கட்டியவர்களும் அதில் பயின்றவர்களும் இந்தியக் கணிப்பொறியியலின் முதல் தலைமுறை ஆனார்கள். வாங்கி வந்த பெரும்பொறியைக் கண்டு அவர்கள் மிரளவில்லை. கட்டிய பொருள் பழசாகிவிட்டது. கட்டிய கை பழசாகவில்லை. அதே 1960-களில் கல்கத்தாக் கழகமும் சும்மா இருந்துவிடவில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஐ.எஸ்.ஐ.ஜே.யு. என்னும் பொறியை 1966-இல் கட்டியது. முதலில் வாங்கியவர் பின்னர் கட்டினார், முதலில் கட்டியவர் பின்னர் வாங்கினார்.

நிறுவனங்களின் கேள்வியாக இருந்தது தனிமனிதரின் கேள்வியாக மாறியது 1975-இல். அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் 'ஆல்டேர் 8800' என்னும் பொறியை அட்டையில் வெளியிட்டது. எட் ராபர்ட்ஸின் சிறு நிறுவனம் அதனை இருவகையாக விற்றது. உறுப்புகளாக வாங்கி வீட்டில் பற்றவைத்துக் கொண்டால் 439 டாலர், பொருத்தி முடித்ததாக வாங்கினால் 621 டாலர். கூலியின் விலை இவ்வளவு வெளிப்படையாக விளம்பரத்தில் நின்றது இன்றைய வாங்குவோருக்கு வியப்பாக இருக்கும். ஐந்தாண்டு கழித்து இங்கிலாந்தில் கிளைவ் சிங்ளேர் விற்ற 'இசட்.எக்ஸ். 80' பொறிக்கும் இவ்வாறே இரு விலைகள். உறுப்புகளாக 79 பவுன் 95 பென்ஸ், முழுதாக 99 பவுன் 95 பென்ஸ். இருபது பவுன் மிச்சம் பிடிக்க எண்ணி, பற்றவைப்புக் கோலைத் தவறாகப் பிடித்துப் பலகையைக் கருக்கியவர் இருந்திருப்பார். ஆனால் இருபது பவுனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே வாங்கிய சிறுவனும் இருந்திருப்பான்.

1976-இல் கலிபோர்னியாவில் நடந்தது இவ்வரலாற்றின் திருப்புமுனை. ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் அமைத்த கணிப்பொறியின் வரைபடத்தைச் சங்கத்துத் தோழர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ், வெறும் சுற்றுப்பலகையை மட்டும் அச்சிட்டு விற்போம், உறுப்புகளை வாங்குகிறவர்களே பொருத்திக் கொள்ளட்டும் என்றார். இருவரும் 'பைட் ஷாப்' என்னும் கடையை நடத்திய பால் டெரெலிடம் சென்றார்கள். அவர் கடைக்காரர், வாங்க வருகிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர். வெறும் பலகை தமக்கு வேண்டாம், உறுப்புகளைப் பொருத்தித் தந்தால் ஒன்றுக்கு 500 டாலர் வீதம் ஐம்பது பொறிகளைப் பணம் கொடுத்து எடுத்துக் கொள்கிறேன் என்றார். இஸ்திஸ்னாஃ! ஆப்பிள் நிறுவனத்தின் முதல் வணிகமே அதுதான். 666 டாலர் 66 சென்ட் விலையில் கடைக்கு வந்த அந்த 'ஆப்பிள் 1' பொறிக்குப் பெட்டி கிடையாது, தட்டச்சுப் பலகை கிடையாது, திரையும் கிடையாது. அவற்றை வாங்குகிறவரே தேடிக் கொள்ள வேண்டும். நாமக்கல்லார் மொழியில் சொல்வதானால், டெரெல் பெற்றது சேஸிஸ், பாடி கட்ட வேண்டியது வாடிக்கையாளர்.

1981 ஆகஸ்டு 12-இல் ஐ.பி.எம். தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது, தன் வழக்கத்துக்கு மாறாகப் பிறருடைய உறுப்புகளைக் கொண்டே அதனைக் கூட்டியது. இன்டெலின் செயலி, மைக்ரோசாஃப்டின் மென்பொருள். சுற்றுவரைபடத்தையும் கையேடாக வெளியிட்டது. ஒரே ஒரு சிறு நிரலுக்கு மட்டும் உரிமை கொண்டாடியது. அதனையும் காம்பேக் நிறுவனத்தார் பாராமலே புதிதாக எழுதிக் கொண்டு, 1983-இல் ஒத்த பொறியை விற்பனைக்கு அனுப்பினார்கள். அதன்பின் உறுப்புகள் உலகெங்கும் ஒரே அளவினவாயின. பற்றவைப்புக் கோல் மறைந்து திருப்புளி வந்தது. 'கட்டுதல்' என்ற சொல் 'பொருத்துதல்' என்று சுருங்கியதும் இந்நாளில்தான்.

இந்தியாவில் ஐ.பி.எம். 1978-இல் வெளியேறியிருந்தது. அந்த இடைவெளியில் எழுந்த எச்.சி.எல். முதலிய நிறுவனங்கள் சொந்தப் பொறிகளைச் செய்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணிப்பொறிக் கொள்கை, உறுப்புகளின் இறக்குமதியை எளிதாக்கியது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வானொலி உதிரிப் பொருள்கள் விற்ற கடைகள் மெல்லக் கணிப்பொறிக் கடைகளாயின. அத்தெருவுக்கு இது மரபுமாற்றம் அன்று. ஒலிபெருக்கிக்கு ஆம்ப்ளிஃபையரை 'அசெம்பிள் செட்'டாகச் செய்து கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் நிறைந்த தமிழ்நாட்டில், 'அசெம்பிள் கம்ப்யூட்டர்' என்ற பெயர் ஒரே நாளில் நாவில் ஒட்டிக் கொண்டது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பொறி எட்டாத விலையில் இருந்த 1990-களில், தட்டச்சு நிலையங்களும் அச்சகங்களும் கணிப்பொறி மையங்களாக மாறியது பெரும்பாலும் இந்தப் பெயரற்ற பெட்டிகளால்தான். அவற்றில் பலவற்றில் ஓடிய மென்பொருள் காசு கொடுத்து வாங்கப்பட்டதன்று என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உரியவருக்கு விலை தராத பொருளின்மேல் நம் பிள்ளைகள் கல்வி பயின்றார்கள் என்பது எண்ணிப் பார்க்க இனியதன்று.

கடையில் பொருத்தி வாங்குவதில் உள்ள இடர் விலையில் இல்லை. மூடிய பெட்டியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்த நிகழ்ச்சியை அறியாத முஸ்லிம் இல்லை. ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்றே வணிகரைக் கேட்டார்கள். கணிப்பொறியின் கேபினட்டும் ஒரு குவியலே. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் பொருத்தி வாங்கிய பொறியின் திருகுகள்மேல், கிழித்தால் வாரண்டி இல்லை என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. ஓராண்டு பொறுத்துக் கிழித்துப் பார்த்தேன். பில்லில் புதிது என்று எழுதியிருந்த ரேம், முன்பே எங்கோ உழைத்து ஓய்ந்த பழைய ரேம்! ஈரம் உள்ளே இருந்தது. எல்லாக் கடைக்காரரும் அப்படி என்று சொன்னால் அது அநியாயம். பெட்டியைத் திறந்து, நம் கண்முன் ஒவ்வோர் உறுப்பையும் உறையிலிருந்து எடுத்துப் பொருத்திக் காட்டுகிற கடைக்காரர்களையும் அறிவேன்.

பிறகு நான் செய்த வழி இது. உறுப்புகளை நானே தேர்ந்து வாங்கினேன். பில்களை என் பெயரில் வைத்துக் கொண்டேன். பொருத்தும் வேலையை மட்டும் தொழில் தெரிந்த ஓர் இளைஞரிடம் கூலிக்கு ஒப்படைத்து, அருகில் அமர்ந்து பார்த்தேன். இஜாரா! மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆயிரக்கணக்கில் ஒரே உறுப்பை வாங்கும் பெருநிறுவனத்தின் விலைக்கு, ஒன்று வாங்குகிற நாம் போட்டியிட இயலாது. கூலியும் மொத்தச் செலவில் சிறு பங்கே. எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதில் சிக்கனம் பார்த்தால் மற்ற எல்லாம் கருகும் என்று அந்த இளைஞர் சொல்லித் தந்தது ஒன்றே கொடுத்த கூலிக்கு மேல் பெறும். செயலியின்மேல் தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்றும் காட்டினார். பயறளவு போதுமாம்.

ஆனால் தனியே பொருத்துகிறவருக்கு ஒரு நட்டம் உண்டு. பொறி ஓடாதபோது குற்றம் மதர்போர்டினுடையதா, ரேமினுடையதா என்று ஒவ்வொரு கடையாக அலைய வேண்டியவர் அவரே. கடையில் செய்வித்தவருக்கோ கேட்பதற்கு ஒரே ஒரு முகம் இருக்கிறது. அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் சொன்ன கட்டுப்பாடு இரு பக்கமும் வெட்டும் வாள்: சொன்னபடி செய்திருந்தால் வாங்குகிறவர் மறுக்க முடியாது. சொன்னபடி இல்லையென்றால் செய்தவர் தப்ப முடியாது. அதற்குத் தேவை, என்ன சொன்னோம் என்பது எழுத்தில் இருப்பது. 'நல்ல கம்ப்யூட்டர் ஒன்று' என்று கேட்டு வாங்கியவர் வழக்காடவும் தகுதியற்றவர். ஒவ்வோர் உறுப்பின் பெயரும் எண்ணும் எழுதிய கொட்டேஷனே ஒப்பந்தம்.

எடப்பாடி இளைஞரின் தறிக்கே திரும்புவோம். 1804-ஐ ஒட்டி பிரான்சில் ஜக்கார்டு அமைத்த பெட்டி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களை ஏற்றி இறக்கியது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிக்கும் பொறிக்கு அட்டையால் ஆணையிட எண்ணினார். ஜக்கார்டு தறியில் 24,000 அட்டைகளைக் கொண்டு நெய்த அந்நெசவாளரின் உருவப்படம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். கணிப்பொறி தறியிடம் பட்ட கடன் அது. 1983-இல் இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் மிலான் கண்காட்சியில் மின்னணு ஜக்கார்டைக் காட்டியபோது கடன் திரும்பி வந்தது. அட்டை போய், டிசைன் நேரே கணிப்பொறியிலிருந்து தறிக்கு இறங்கியது. இன்று தமிழகத் தறிகளிலும் அது ஏறியிருக்கிறது.

பழைய ஜக்கார்டு பெட்டியில் ஊசி வளைந்தால் நெசவாளரே நிமிர்த்துவார், அட்டை கிழிந்தால் வேறோர் அட்டையை அடித்துக் கோத்துவிடுவார். மின்னணுப் பெட்டியின் பலகை நின்றுபோனால் விற்ற நிறுவனத்தின் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். அந்தப் பெட்டியை உள்ளூரில் திறக்கத் துணிகிறவர் யாரென்று கேட்டால், முன்பு தன் கணிப்பொறியைத் தானே பிரித்துப் பூட்டிப் பார்த்த பையனைத்தான் கைகாட்டுவார்கள்.